தண்டையார்பேட்டைல இருந்து மிலிட்டரி நர்ஸ்: அக்காவுக்கு ஒரு வழி, தங்கச்சிக்கு ஒரு வழி

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கா. பி.எஸ்சி நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷமா ராயபுரம் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கா, வயசு 24. தங்கச்சி பிளஸ் டூ, பயாலஜி குரூப். ரெண்டு பேருக்கும் மிலிட்டரி நர்ஸ் ஆகணும்னு ஆசை. எப்படி அப்ளை பண்றது, கல்யாணம் ஆனா வேலைய விட்டு தூக்கிடுவாங்களாமே அது நெஜமா, ஏஜென்ட் ஒருத்தரு ஆளுக்கு 2 லட்சம் கேக்கறாரு குடுக்கலாமா. இதான் கேள்வி.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஒத்த ரூபா குடுக்காதம்மா. ஆர்மில ஏஜென்ட்னு ஒரு ஆளே கிடையாது, அவருக்கு உள்ள ஆள் இருக்குன்னு சொல்றது எல்லாம் சும்மா, அவரு இன்னா பண்ணுவாருன்னா பத்து பொண்ணுங்ககிட்ட துட்டு வாங்கிக்குவாரு, அதுல ரெண்டு பேரு சொந்தமா படிச்சு பாஸ் ஆவாங்க, நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு மீசைய முறுக்குவாரு, மீதி எட்டு பேருக்கு இந்தா அந்தான்னு இழுத்து பாதிய திருப்பிக் குடுப்பாரு இல்லன்னா போனே எடுக்க மாட்டாரு. எங்க தெருவுலயே இப்படி ஒரு வீடு வளையல அடகு வெச்சு ஏமாந்துச்சு. அந்த துட்டுல தங்கச்சிக்கு நீட் புக்கும் உனக்கு ஒரு நல்ல கண் செக்கப்பும் முடிஞ்சு மிச்சம் இருக்கும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைல பொறந்து வளந்தவ. மிலிட்டரி நர்சிங் சர்வீஸ்ல ஷார்ட் சர்வீஸ்ல, அதாவது குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் எடுக்கற ஆபீசர் வேலைல போய் பத்து வருஷத்துக்கு மேல இருந்துட்டு வெளிய வந்தேன், இப்போ பெரம்பூர்ல இருக்கேன், வருஷா வருஷம் நாலஞ்சு பொண்ணுங்க வந்து இதே கேள்விய கேக்கறாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், டீ போட்டுக்கிட்டு உக்காந்து படி.

இந்த சர்வீஸ் இன்னான்னு முதல்ல தெரிஞ்சிக்கோ, ஏன்னா நெறைய பேரு பரங்கிமலை ஓடிஏல, அதான் ஆர்மி ஆபீசருங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற எடம், அங்க ட்ரெய்னிங் எடுத்துட்டு துப்பாக்கி தூக்கிட்டு ஓடறதா நெனச்சிக்கறாங்க. அது வேற இது வேற. ஓடிஏக்கும் நமக்கும் சம்பந்தம் இல்ல. நாம போறது நர்ஸ் வேலைக்கு, ஆனா கமிஷன், அதாவது ஆபீசர்னு நியமிக்கற ஆணை, வாங்கின ஆபீசரா. சேரும்போதே லெப்டினன்ட், தோள்ல ரெண்டு ஸ்டார். அப்புறம் கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர், மேல மேஜர் ஜெனரல் வரைக்கும் போகலாம். 2023ல கன்னியாகுமரி மாவட்டத்துப் பொண்ணு இக்னேசியஸ் டெலோஸ் ஃப்ளோரா இந்த சர்வீஸ்லதான் மேஜர் ஜெனரல் ஆனாங்க, தமிழ்நாட்டுலயே முதல் பெண் மேஜர் ஜெனரல், முதலமைச்சரே வாழ்த்து சொன்னாரு. உங்க அம்மாகிட்ட இத சொல்லு, ஊசி போடற வேலைக்கு எதுக்கு அவ்ளோ தூரம்னு கேக்கறவங்களுக்கு இது போதும்.

சர்வீஸ் ரொம்ப பழசு. 1888 மார்ச் 28ஆம் தேதி பம்பாய் துறைமுகத்துல பத்து இங்கிலீஷ் நர்சுங்க வந்து எறங்கினதுதான் ஆரம்பம், 1926 அக்டோபர் 1ல இந்தியன் மிலிட்டரி நர்சிங் சர்வீஸ்னு ஆச்சு, அதான் இன்னைக்கும் அக்டோபர் 1ஆம் தேதி கேக் வெட்டறோம். இன்னிக்கி வரைக்கும் நம்மள ஆள்ற சட்டம் 1943ல உலகப் போர் நடுவுல போட்ட ஒரு ஆர்டினன்ஸ். இத சும்மா சரித்திரம்னு தள்ளிடாத, இன்டர்வியூல கேப்பாங்க. அதுவும் இல்லாம நம்ம சர்வீஸ் சட்டப்படி தனியா நிக்கறதால சில விஷயத்துல மத்த ஆபீசர் மாதிரி நம்மள நடத்த மாட்டாங்க. சம்பளத்துலயே பாரு. லெப்டினன்ட் பேசிக் 56,100, அது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், ஆனா மிலிட்டரி சர்வீஸ் பேன்னு ஒண்ணு தருவாங்க, அது மத்த ஆபீசருக்கு 15,500, நமக்கு 10,800. இதுக்கு மேல டிஏ, மத்த அலவன்ஸ் எல்லாம் உண்டு. ராயபுரத்துல பிரைவேட்ல நீ வாங்கற சம்பளத்தோட வெச்சுப் பாத்தா ராஜ வாழ்க்கை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா இந்த வித்தியாசம் தெரியாம போய் அங்க நின்னு மூஞ்ச தூக்கி வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

இப்போ வழிக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு, உன் வழி வேற, தங்கச்சி வழி வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதுலதான் பாதி பேரு ஒரு வருஷத்த விட்டுடறாங்க.

தங்கச்சி வழிய முதல்ல சொல்றேன், அவளுக்குத்தான் நாள் கம்மி. பிளஸ் டூ முடிச்சவுங்களுக்கு ஆர்ம்ட் ஃபோர்ஸஸ் நடத்தற நர்சிங் காலேஜ்ல நாலு வருஷ பி.எஸ்சி நர்சிங். காலேஜ் மொத்தம் ஆறு. புனே ஏஎஃப்எம்சி (ராணுவ மெடிக்கல் காலேஜ்) 40 சீட்டு, கொல்கத்தா 30, மும்பை அஸ்வினி கடற்படை ஆஸ்பத்திரி 40, டில்லி 30, லக்னோ 40, பெங்களூரு ஏர்ஃபோர்ஸ் கமாண்ட் ஆஸ்பத்திரி 40. கூட்டிப் பாத்தா 220 சீட்டு, நாடு பூராவுக்கும். படிப்பு, தங்கறது, சாப்பாடு எல்லாம் கவர்மெண்ட் செலவு, கைல ஸ்டைபண்டும் தருவாங்க, முடிச்சதும் லெப்டினன்ட். அதுக்கு பதிலா பாண்டு எழுதிக் குடுக்கணும், நடுவுல ஓடி வந்தா ட்ரெய்னிங் செலவ கட்டச் சொல்லுவாங்க, பெத்தவங்க கையெழுத்தும் கேப்பாங்க, அதனால நைனாவ இப்பவே பக்கத்துல உக்கார வெச்சு படிச்சுக் காட்டு.

இதுல நம்ம ஊர் பொண்ணுங்க மாட்டிக்கற எடம் ஒண்ணு இருக்கு, நீட்டு. தமிழ்நாட்டுல நர்சிங் சேர பிளஸ் டூ மார்க் போதும், நீட் எதுக்கு, நாம இன்னா டாக்டருக்கா படிக்கப் போறோம்னு யாரும் எழுதறதில்ல. மிலிட்டரி நர்சிங்குக்கு நீட் யூஜி எழுதியே ஆகணும், அந்த மார்க்க வெச்சுத்தான் ஷார்ட்லிஸ்ட் பண்றாங்க. சும்மா பாஸ் ஆனா பத்தாது, 220 சீட்டுக்கு நாடு முழுக்க போட்டி. இன்னொண்ணு, நீட் எழுதிட்டா தானா கூப்புடுவாங்கன்னு உக்காந்துடக் கூடாது. ஆர்மி வெப்சைட்ல, ஜாயின் இந்தியன் ஆர்மின்னு ஆரம்பிச்சு நிக் டாட் இன்னு முடியுமே அதுல, தனியா அப்ளிகேஷன் போடணும். அது கொஞ்ச நாள்தான் தொறந்திருக்கும். போன தடவை வியாசர்பாடி பொண்ணு ஒருத்தி நீட்ல நல்ல மார்க்கு, அப்ளிகேஷன் தேதி முடிஞ்சு நாலு நாள் கழிச்சு என்கிட்ட வந்து நிக்கறா. நான் இன்னா பண்றது சொல்லு, அழறவள கூட்டிட்டுப் போய் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடுத்தேன், அவ்ளோதான் என்னால முடிஞ்சுது.

தகுதின்னு பாத்தா பொண்ணுங்களுக்கு மட்டும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் நாலும் இருக்கணும், ரெகுலர் ஸ்கூல்ல படிச்சு முதல் அட்டெம்ட்லயே பாஸ், 50 பர்சன்ட்டுக்கு கொறையாம. இங்க ஒரு எச்சரிக்கை, நம்ம பக்கம் ஸ்கூல்ல நர்சிங்னு வொக்கேஷனல் குரூப் இருக்கே, நர்ஸ் ஆகத்தானே போறோம்னு ஆசையா அதுல சேந்துடறாங்க, அதுல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி வராது, இந்தக் கதவு அங்கயே சாத்திடும். உன் தங்கச்சி பயாலஜி குரூப்னு சொன்ன, தப்பிச்சா. வயசு 17ல இருந்து 25க்குள்ள. கல்யாணம் ஆகாதவங்க, இல்லன்னா டைவர்ஸ் ஆனவங்க, சட்டப்படி பிரிஞ்சவங்க, புருஷன் இல்லாதவங்க, கொழந்த பொறுப்பு இல்லாம இருக்கணும். உயரம் 152 சென்டிமீட்டர். இப்பவே செவுத்துல நிக்க வெச்சு அளந்துடு, செருப்பு இல்லாம, கொண்டைய அவுத்துட்டு.

ஷார்ட்லிஸ்ட் ஆனா அப்புறம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் டெஸ்ட், பொது அறிவுத்திறனும் இங்கிலீஷும், சைக்காலஜி டெஸ்ட், இன்டர்வியூ, மெடிக்கல். நீட்ட தமிழ்ல எழுதலாம், அந்த வசதி இருக்கு, ஆனா இந்த ரெண்டாவது டெஸ்ட்ல இங்கிலீஷே ஒரு பாடம். அதனால தமிழ் மீடியம் பொண்ணா இருந்தா தினம் ஒரு பக்கம் இங்கிலீஷ் பேப்பர் சத்தமா படிக்கச் சொல்லு, புரியலன்னாலும் பரவால்ல, நாக்கு பழகணும்.

இப்போ உன் வழி. நீ ஏற்கெனவே நர்ஸ், அதனால ஷார்ட் சர்வீஸ் கமிஷன். பி.எஸ்சி, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி, எம்.எஸ்சி நர்சிங் இதுல ஒண்ணு, இந்தியன் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உள்ள காலேஜ்ல முடிச்சிருக்கணும். வயசு 21ல இருந்து 35. ஸ்டேட் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும், நர்ஸுக்கு ஒரு நம்பர், மிட்வைஃபுக்கு ஒரு நம்பர், ரெண்டும். நமக்கு கவுன்சில் ஆபீஸ் மயிலாப்பூர் சாந்தோம் ஹை ரோட்ல இருக்கு. பல பொண்ணுங்க கோர்ஸ் முடிச்சு வேலைக்குப் போய் சேந்துடுவாங்க, ரிஜிஸ்ட்ரேஷன நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளித் தள்ளி, நோட்டிபிகேஷன் வந்தப்புறம் தலைதெறிக்க ஓடுவாங்க. நீ பண்ணிட்டியான்னு கேள்வில எழுதல, பண்ணலன்னா நாளைக்கே போ. ஜிஎன்எம் டிப்ளமோ மட்டும் இருந்தா இதுக்கு எடுக்க மாட்டாங்க, உன் ஃப்ரெண்டுங்க யாராவது ஜிஎன்எம் முடிச்சிருந்தா போஸ்ட் பேசிக் பி.எஸ்சி ரெண்டு வருஷம் படிச்சுட்டு வரச் சொல்லு, 35 வரைக்கும் டைம் இருக்கே.

என் காலத்துல எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் பேப்பர்ல விளம்பரம் வரும், அத கட் பண்ணி வெச்சு, ஃபார்ம் டைப் அடிச்சு, தபால்ல அனுப்பிட்டு, போஸ்ட்மேன பாத்தா ஓடுவோம். இப்போ எல்லாம் ஆன்லைன். 2023 டிசம்பர்ல வந்த நோட்டிபிகேஷன்ல நீட் நடத்தற என்டிஏவே இதுக்கும் பரிட்ச வெச்சாங்க, கம்ப்யூட்டர்ல, நர்சிங் பாடம், இங்கிலீஷ், பொது அறிவுத்திறன், ஃபீஸ் 900 ரூபா. அது மறக்கவே முடியாத வருஷம், ஏன்னா அப்ளிகேஷன் தொறந்தது டிசம்பர் 11, அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் மிக்ஜாம் புயல் வந்து நம்ம பக்கம் எல்லாம் தண்ணி, எண்ணூர்ல தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சு, வீட்டுல பீரோ கீழ் தட்டுல வெச்சிருந்த சர்டிபிகேட் எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சுன்னு ரெண்டு பொண்ணுங்க அத ஃபேனுக்கு கீழ காய வெச்சு ஸ்கேன் பண்ணினாங்க. டைம் 26ஆம் தேதி வரைக்கும்தான். பரிட்ச ஜனவரி 14, போகிப் பண்டிகை அன்னிக்கி, காலைல புகைல கண்ணு எரிய எரிய சென்டருக்குப் போனாங்க. அதனால சொல்றேன், எல்லா சர்டிபிகேட்டையும் இப்பவே ஸ்கேன் பண்ணி மெயில்லயும் வெச்சுக்கோ, ஒரிஜினல மேல் தட்டுல பிளாஸ்டிக் கவர்ல போட்டு வை. வடசென்னைல இருக்கறவங்களுக்கு இது மார்க் வாங்கறத விட முக்கியம்னு நான் சொல்லுவேன்.

வருஷத்துக்கு இத்தன தடவைன்னு நோட்டிபிகேஷன் வரும்னு கணக்கு வெச்சுக்காத, ஆர்மி வெப்சைட்டையும் என்டிஏ வெப்சைட்டையும் வாரத்துக்கு ஒரு தடவை பாரு, ஞாயித்துக்கெழம கறி அடுப்புல கொதிக்கும்போது பாத்தாலும் போதும். வந்ததும் அந்த நோட்டிபிகேஷன முழுசா படி, யூடியூப்ல தம்பி ஒருத்தன் கத்திக்கிட்டு சொல்றத கேட்டுட்டு ஃபார்ம் போடாத. வயசு கணக்கு, கல்யாண நிலை, கேக்கற பேப்பரு எல்லாம் அந்த வருஷத்து நோட்டிபிகேஷன்ல இன்னா இருக்கோ அதான் கணக்கு.

படிக்கறதுக்கு தனியா கோச்சிங் தேவையான்னா எனக்கு அவ்ளோ நம்பிக்கை இல்ல. நர்சிங் பாடம்னா நீ படிச்சதுதான், மெட் சர்ஜ், ஓபிஜி, பீடியாட்ரிக்ஸ், சைக்கியாட்ரி, கம்யூனிட்டி, ஃபண்டமென்டல்ஸ். வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் ஆனதால கைக்கு எல்லாம் தெரியும், பேரு மறந்திருக்கும். ட்ரிப் ரேட் கணக்கு, ட்ரக் டோஸ் கணக்கு, ஏபிஜி, பர்ன்ஸ்ல எத்தன பர்சன்ட், கோமா ஸ்கேல் இதெல்லாம் திரும்பப் பாரு. நைட் டூட்டில ரெண்டு மணிக்கு அப்புறம் கொஞ்சம் அமைதியா இருக்குமே, அந்த டைம்ல முப்பது கேள்வி போட்டுப் பாத்தா மூணு மாசத்துல தயார் ஆயிடலாம். ரொம்ப பேரு கவுத்துக்கறது இங்கிலீஷ்லயும் அந்த ரீசனிங்லயும்தான், அத பேங்க் பரிட்ச புக்குல பழகலாம், பூக்கடை பக்கம் பழைய புக்கா கிடைக்கும்.

இப்போ நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம், இனிஷியல். சிரிக்காத. நம்ம ஊர்ல பத்தாவது மார்க் ஷீட்ல பேருக்குப் பக்கத்துல ஒரு எழுத்து இனிஷியல், ஆதார்ல அதே எழுத்து அப்பா பேரா முழுசா விரிஞ்சிருக்கும், டிகிரி சர்டிபிகேட்ல இனிஷியல் முன்னாடி, கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன்ல பின்னாடி, பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே இருக்காது. நமக்கு இது எல்லாம் ஒரே ஆளு. வடக்க இருந்து வந்து பேப்பர் செக் பண்றவங்களுக்கு இது நாலு ஆளு. ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் இருக்கும், அதுல நம்ம பொண்ணுங்க ஆளுக்கு ஒரு மாதிரி நிரப்பிட்டு வருவாங்க. நான் லாஸ்ட் நேம்ல எங்க நைனா பேர போட்டேன். சேந்து முதல் ஆறு மாசம் எனக்கு வர்ற லெட்டர் எல்லாம் லெப்டினன்ட்னு போட்டு பக்கத்துல எங்க நைனா பேரு. வார்டுல கூட நைனா பேரத்தான் கூப்புடுவாங்க, நான் திரும்பியே பாக்க மாட்டேன். நைனாகிட்ட போன்ல சொன்னேன், துறைமுகத்துல மூட்ட தூக்கினவன நீ லெப்டினன்ட் ஆக்கிட்டன்னு ஒரே சிரிப்பு. எனக்கு சிரிப்போட போச்சு, என் கூட இன்டர்வியூ வந்த ஒரு பொண்ணுக்கு டாக்குமென்ட் செக்கிங்ல அண்டர்டேக்கிங், அதாவது உறுதிமொழி, எழுதி வாங்கிட்டுத்தான் உள்ள விட்டாங்க, அவ கையெல்லாம் நடுங்கிடுச்சு. அதனால பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அதான் மூலம், ஆதார அதுக்கு ஏத்த மாதிரி மாத்து. பேரே பெருசா மாறியிருந்தா அரசிதழ்ல பேர் மாத்தம் போட்டு வாங்கிடு. நோட்டிபிகேஷன் வந்தப்புறம் இத ஆரம்பிச்சா முடியாது.

மெடிக்கல். பரிட்சைல பாஸ் ஆகி, இன்டர்வியூ முடிஞ்சு, அப்புறம் இதுல திரும்பி வர்ற பொண்ணுங்கதான் மனசுக்கு கஷ்டம். மிலிட்டரி ஆஸ்பத்திரில முழு செக்கப், ரத்தம், யூரின், செஸ்ட் எக்ஸ்ரே, வயித்து ஸ்கேன், கண்ணு, காது, பல்லு, கால் முட்டி ஒட்டுதா, பாதம் தட்டையா, கைய நீட்டினா முழங்கை ரொம்ப வளையுதா, எல்லாம் பாப்பாங்க. நம்ம பொண்ணுங்களுக்கு முதல் எதிரி ரத்தசோகை. டூட்டிக்கு ஓடற அவசரத்துல காலைல ஒரு டீ, ரெண்டு பொறை பிஸ்கட்டு, மதியம் மூணு மணிக்கு ஆறிப் போன சாப்பாடு, அப்புறம் எங்க ரத்தம் ஊறும். பொண்ணுங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனா அனீமியான்னு உனக்கே தெரியும், மத்தவங்களுக்கு ரிப்போர்ட் பாத்துச் சொல்ற நீ உனக்கு கடைசியா எப்போ பாத்த? எனக்கு முதல் தடவை அதுலதான் டெம்பரரி அன்ஃபிட் போட்டாங்க. அப்பீல் மெடிக்கல் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, குடுத்த தேதிக்குள்ள கேட்டா திரும்பப் பாப்பாங்க, நான் எங்க ஆயா (பாட்டி) கையால முருங்கக்கீரையும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) தின்னு தின்னு, அயர்ன் மாத்திரையும் போட்டு, ரெண்டாவது தடவை தேறினேன். இப்பவும் சுவரொட்டி வாசன வந்தா எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டாதான் ஞாபகம் வரும். காதுல அழுக்கு, சொத்தப் பல்லு, டான்சில், கண்ணுக்கு பவர் இதெல்லாம் இங்கயே ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஓபி சீட்டு போட்டு முன்கூட்டியே பாத்துக்கலாம், செலவு கிடையாது. டாட்டூ குத்திக்கற ஆசை இருந்தா அடக்கிக்கோ, அதுக்கு அவங்க ரூல் ரொம்ப கறார். எவன் பேரையாவது நெஞ்சுல குத்திக்கிட்டு போனா வேலையும் போச்சு, அவனும் போயிடுவான்.

இன்டர்வியூவுக்கு ஊருக்கு வெளிய போக வேண்டி வரும், தனியா பயணம் பண்ண இப்பவே பழகு. அதுல ஏன் ஆர்மின்னு கண்டிப்பா கேப்பாங்க, நாட்டுக்கு சேவைன்னு மனப்பாடம் பண்ணினத ஒப்பிச்சா மூஞ்சிலயே தெரிஞ்சிடும். லே லடாக்குக்கு போடுவோம், ஆக்சிஜன் கம்மி, போவியான்னு கேப்பாங்க. வார்டுல நாலு பேரு ஒரே நேரத்துல அடிபட்டு வந்தா யார முதல்ல பாப்பன்னு கேப்பாங்க, இதுக்கு ரெண்டு வருஷ கேஷுவால்டி அனுபவம்தான் பதில் சொல்லும். என்கிட்ட, உன் ஊர் பேரு வாஷர்மென்பேட்டையா, துணி தோய்க்கற ஊரான்னு லேசா சிரிச்சாரு ஒருத்தரு. நான் ஆமா சார், ஈஸ்ட் இண்டியா கம்பெனிக்காரன் ஏத்துமதி பண்ற துணிய வெளுக்கறதுக்கு குடியேத்தின பேட்டைன்னு சொன்னேன். உங்க ஏரியால ராணுவ சம்பந்தமா ஏதாவது உண்டான்னு அடுத்தது. நல்ல வேளைக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு, துறுதுறுன்னு இருக்கற புள்ளைங்கள எம்டன்டான்னு திட்டும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் டேங்க குண்டு போட்டு எரிச்சுது, அந்தப் பேரு எங்க தெருவுல இன்னும் திட்டா இருக்கு சார்னு சொன்னேன். மூணு பேரும் நிமிந்து உக்காந்தாங்க. அது வரைக்கும் என் இங்கிலீஷ் நொண்டிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் நொண்டினா கூட யாரும் கண்டுக்கல. உன் ஏரியாவ பத்தி தெரிஞ்சுக்கிட்டுப் போ, கூகுள்ல படிச்சது இல்ல, வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டுப் போ.

ஹிந்தி தெரியாதேன்னு பயப்படறவங்க ரொம்ப பேரு. பரிட்சைக்கு தேவை இல்ல. வார்டுக்கு தேவை, ஏன்னா படுத்திருக்கற ஜவான் பீகாரா இருப்பாரு, இமாச்சலா இருப்பாரு. அது மூணு மாசத்துல வந்துடும், நான் வலிக்குதா, தூங்குனியா, மூச்ச இழு இந்த மூணு வாக்கியத்துல ஆரம்பிச்சேன். காலு போன ஒரு சின்னப் பையன் எனக்கு வாய்ப்பாடு மாதிரி தினம் பத்து வார்த்தை சொல்லிக் குடுத்தான், தப்பா சொன்னா சிரிப்பான், அவன் சிரிக்கட்டும்னே சில நாள் வேணும்னே தப்பா சொல்லுவேன்.

கல்யாண விஷயம். நீ கேட்டது வெறும் வதந்தி இல்ல, ஒரு காலத்துல நெஜம். 1977ல போட்ட ஒரு ஆர்மி ஆர்டர் இருந்துச்சு, கல்யாணம் பண்ணினா வேலைல இருந்து விடுவிக்கலாம்னு, அத வெச்சு 1988ல ஒரு லெப்டினன்ட்ட அனுப்பிட்டாங்க. அந்த ஆர்டர 1995லயே வாபஸ் வாங்கிட்டாங்க. அந்தம்மா விடாம கேஸ் நடத்தி, 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு, கல்யாணம் ஆச்சுன்னு ஒரு பொண்ண வேலைய விட்டு எடுக்கறது தப்புன்னு சொல்லி 60 லட்சம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லிச்சு. அதனால சர்வீஸ்ல சேந்தப்புறம் கல்யாணம் பண்ணினா தூக்கிடுவாங்கன்னு இப்போ யாராவது சொன்னா அது பழைய பேப்பர்ல மடிச்ச பஜ்ஜி. ஆனா தங்கச்சியோட நாலு வருஷ படிப்பு வேற, அதுல சேர்றதுக்கே கல்யாணம் ஆகாம இருக்கணும், படிக்கற வரைக்கும் அப்படியே இருக்கணும். நடைமுறைல கஷ்டம் எதுல வரும்னா, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரான்ஸ்ஃபர் வரும், புருஷன் இங்க ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில வேலை பாக்கறாரு, நீ உதம்பூர்ல இருப்ப. நம்ம நந்தம்பாக்கம் மிலிட்டரி ஆஸ்பத்திரி, இல்லன்னா ஊட்டி பக்கம் வெலிங்டன், பெங்களூருன்னு பக்கத்துல கிடைச்சா லக்கு, கிடைக்கலன்னா மூட்டைய கட்டணும். பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இத முதல் நாளே சொல்லிடு, நான் சொல்லல, அப்புறம் பட்டேன், அது இங்க வேணாம்.

நீ சேர்ற ஷார்ட் சர்வீஸ் முதல்ல அஞ்சு வருஷம், அப்புறம் நீட்டிச்சு மொத்தம் 14 வருஷம் வரைக்கும் போகலாம். பென்ஷனுக்கு 20 வருஷம் வேணும், அதனால 14ல வெளிய வந்தா கிராஜுட்டி வரும், மாசா மாசம் பென்ஷன் வராது. இத சொல்லாம ஆச காட்டறாங்க பாரு, அவங்க மேல எனக்கு கோவம். உன் வயசு 24, இப்போ போனா நாப்பதுக்குள்ள வெளிய வருவ, கைல அனுபவம் இருக்கும், ஆனா அடுத்து இன்னான்னு ஒரு யோசன அப்பவே வேணும். வெளிய வந்தவங்கள எக்ஸ் சர்வீஸ்மேனா கணக்குல எடுக்கலாமான்னு கூட சண்ட நடந்துச்சு, 2025ல ஒரு பஞ்சாப் கேஸ்ல நம்ம சர்வீஸ்ல இருந்து வந்தவங்களுக்கும் எக்ஸ் சர்வீஸ்மேனுக்கான கவர்மெண்ட் வேலை கோட்டா உண்டுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. பரவால்ல, மெதுவா நடக்குது.

உன் தம்பிக்கும் சேத்துக் கேக்கலாம்னு நெனைப்ப, எல்லாரும் கேப்பாங்க. இந்த ஆபீசர் வழி பசங்களுக்கு இல்ல. ஆர்மில நர்சிங் அசிஸ்டன்ட்னு சிப்பாய் வேலை இருக்கு, அதுக்கும் பிளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும், ஓட்டமும் ஓடணும், அது தனிக் கதை.

வேலைய விட்டுட்டு இதுக்கு படிக்கலாமான்னு மட்டும் யோசிக்காத. வேலைல இரு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் ஒழுங்கா தேதி போட்டு வாங்கி வை, நைட் டூட்டில படி. தங்கச்சிக்கு நீட் ஃபார்ம் வர்ற நேரத்த கண்ணுல எண்ணெய ஊத்திட்டுப் பாரு. அப்புறம் நாளைக்கு டூட்டிக்குப் போகும்போது உங்க லேப்லயே ஒரு சிபிசி ரத்த டெஸ்ட் குடுத்துட்டு, ஹீமோகுளோபின் எவ்ளோன்னு எனக்குச் சொல்லு, 12க்கு கீழ இருந்தா ஆயா செஞ்ச சுவரொட்டி பக்குவத்த எழுதி அனுப்பறேன்.